மொட்டை மாடியிலிருந்து ஏலகிரி வரை: குழந்தைகளுடன் முதல் கூடாரத் தங்கலுக்கான ஆயத்தம்

ஏலகிரியில் நிலாவூர்ப் பக்கம் உள்ள ஒரு கொய்யாத் தோட்டத்தில், எங்கள் ஆறு வயது மகளும் மூன்று வயது மகனும் இரண்டாம் இரவு முழுவதும் கூடாரத்துக்குள் அழாமல் உறங்கினார்கள். அந்த உறக்கத்துக்குத் தேவைப்பட்டவை என்னென்ன, அவற்றுள் எவை கடையில் கிடைத்தன, எவற்றை நாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது, எவை பயன்படாமல் போயின என்பதை, சிறு குழந்தைகளோடு முதன்முறையாக வெளியில் தங்க நினைக்கும் பெற்றோருக்காக இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து தொடங்குகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, அனுமதி என்பது வெறும் தாளில் உள்ள விதி என்று எவரும் எண்ண முடியாது. எனவே தனியார் நிலம், தண்ணீர் வசதி, நூறு மீட்டருக்குள் கழிப்பறை, கூடாரத்துக்கு அருகிலேயே கார் நிறுத்த இடம் ஆகிய நான்கையும் கட்டாயமாக வைத்துக்கொண்டோம். வேலூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியதும், அவசரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கு இறங்கிவிடக்கூடியதுமான ஏலகிரியில், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் தங்க இசைவு கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடையும் தொடங்காத பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களைத் தேர்ந்தெடுத்தோம். மழையில்லாத காலம் என்பதால் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று அப்போது நினைத்தோம்.

கூடாரம் 5,800 ரூபாய். தரைப்பரப்பு 210 சென்டிமீட்டருக்கு 210 சென்டிமீட்டர், நடு உயரம் 135 சென்டிமீட்டர், 8.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ஃபைபர் கழிகள், தனியாகக் கழற்றக்கூடிய மேலுறை. கூடாரம் வந்த உறையின் மேல் “4 பேர்” என்று அச்சிட்டிருந்தார்கள். 210-ஐ நான்கால் வகுத்தால் ஓர் ஆளுக்கு 52 சென்டிமீட்டர்தான் வருகிறது. இரு பெரியவர்களும் இரு குழந்தைகளும் படுத்தால் பைகளுக்கு இடமில்லை என்பது வாங்குவதற்கு முன்பே கணக்கில் தெரிந்தது. பைகள் காரில் இருக்கட்டும், கூடாரத்துக்குள் படுக்கையும் குடிநீரும் விளக்கும் மட்டும் போதும் என்ற முடிவோடு வாங்கினோம். அந்த முடிவு பின்னர் பல வகையில் நன்மையாகவே அமைந்தது.

முதல் ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டை மாடியில். கான்கிரீட் தளத்தில் முளை அடிக்க வழியில்லை என்பதால், நான்கு மூலைகளிலும் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களை வைத்து இழுகயிறுகளை அவற்றின் கழுத்தில் கட்டினோம். குழந்தைகளுக்குக் கூடாரத்தின் வாசனை, ஜிப் திறக்கும் ஓசை, உள்ளே தெரியும் நீலநிற வெளிச்சம் ஆகிய அனைத்தும் பழகுவதற்கு மாடி மிகப் பொருத்தமான இடம். பகலில் அவர்கள் விளையாட, கூடாரத்தைச் சில நாட்கள் அப்படியே விட்டு வைத்தோம். மகன் தன் பொம்மைகளுக்கு உள்ளே வீடு கட்டினான். இரவில் அழுகையே இல்லை. ஜிப்பை எப்போதும் மூடி வைப்பது, செருப்பை உதறிப் பார்த்தபின் போடுவது என்ற இரண்டு வழக்கங்களையும் மாடியிலேயே தொடங்கினோம். மலையில் போய்ச் சொல்லியிருந்தால் அது பயமுறுத்தலாகிவிட்டிருக்கும். வீட்டில் அது விளையாட்டின் விதியாகப் பதிந்தது.

மாடியில் நீர்ப்புகாச் சோதனையும் செய்தோம். கீழே விரிப்பதற்கென 650 ரூபாய்க்கு 12-க்கு 9 அடித் தார்ப்பாய் வாங்கியிருந்தோம். அதை முழுமையாக விரித்து, அதன் மேல் கூடாரத்தை நிறுத்தி, தோட்டக் குழாயால் கால் மணி நேரம் மேலிருந்து தண்ணீர் பாய்ச்சினோம். மேலுறை ஒரு சொட்டும் விடவில்லை. ஆனால் அதன் ஓரங்களில் வழிந்த நீர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயில் விழுந்து, அதன் வழியே கூடாரத்தின் அடியில் குளமாகத் தேங்கியது. தார்ப்பாய் கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். வெட்டாமல் உள்ளுக்கு மடித்து, மடிப்பை அடிப்பக்கமாக வைத்து மீண்டும் பாய்ச்சியபோது தரை உலர்ந்தே இருந்தது. வெட்டாததும் நல்லதாயிற்று: மலையில் பகல் நேரத்தில் அதே தார்ப்பாயை மரங்களுக்கிடையே கட்டி நிழலாக்கிக்கொண்டோம்.

படுக்கைக்கு முதலில் இரட்டைக் காற்று மெத்தை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். நான் ஒரு பக்கம் திரும்பினால் மகன் மறுபக்கம் எம்பினான். விடிவதற்குள் காற்று இறங்கி அவன் நடுவிலிருந்த பள்ளத்துக்குள் உருண்டிருந்தான். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏற்றதன்று. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோரைப்பாயும் பவானி ஜமக்காளமும் போட்டுப் படுத்தபோது அனைவரும் நன்றாக உறங்கினோம். இதுவே போதும் என்று முடிவு செய்யும் நிலைக்கு வந்துவிட்டோம்.

அந்த முடிவு மாற, குடியாத்தம் அருகே அம்மா வீட்டுக் கொல்லையில் நடத்திய இரண்டாம் ஒத்திகை காரணமாயிற்று. மொட்டை மாடி பகல் முழுவதும் வெயிலை வாங்கி இரவு வெகுநேரம் வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் ஒரு பாய் போதும் என்பது மாடியின் கணக்கு. மண் அப்படியில்லை. அதே பாய், அதே ஜமக்காளம், வேலூரைவிடப் பெரிதாகக் குளிரில்லாத ஊர், அதே மாதம். ஆனால் நள்ளிரவு கடந்ததும் முதுகுக்குக் கீழிருந்து குளிர் ஏறியது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழிருந்து வரும் குளிருக்கு அது மருந்தாகவில்லை. மகள் உறக்கத்திலேயே என் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். மலைக்கு நேராகப் போயிருந்தால் இந்த நிலை இன்னும் கடுமையான குளிரில் நேர்ந்திருக்கும்.

“மண்ணுல படுக்கிறதுக்குப் பாய் போதாதுடி, அடியில வைக்கோல் போடு,” என்றார் அம்மா. போட்டோம். நான்கு விரற்கடை உயரத்துக்கு வைக்கோல் பரப்பி அதன் மேல் தார்ப்பாயும் கூடாரமும் வைத்தபோது கிடைத்த கதகதப்பை வேறு எதுவும் தரவில்லை. ஆனால் சுணை காலில் ஒட்டி, கூடாரத்துக்குள்ளும் வந்து, மகளின் முழங்காலுக்குக் கீழ் முழுவதும் தடித்துவிட்டது. வைக்கோலுக்குள் பூச்சி ஒளிய இடமுண்டு என்ற கவலையும் இருந்தது. வைக்கோலின் வேலையைச் செய்யக்கூடிய, சுணையில்லாத பொருளைத் தேடியபோது, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்பப் பயன்படும் வெள்ளை ஃபோம் சுருள் கிடைத்தது. பேக்கிங் பொருட்கள் விற்கும் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமன், ஒரு மீட்டர் அகலத்தில் மீட்டர் ஏறத்தாழ 50 ரூபாய். கூடாரத்தின் நீளத்துக்கு இரண்டு பட்டைகள், இரண்டு அடுக்கு என 8.4 மீட்டர், சில்லறை சேர்த்து 450 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு அடுக்கின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராதபடி மேலடுக்கைக் குறுக்காகத் திருப்பிப் போட வேண்டும். அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஜமக்காளம். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. சுருட்டினால்தான் இடத்தை அடைக்கும், எனவே காரின் பின்னிருக்கையில் குழந்தைகளின் காலடியில் மடித்துப் போட்டோம்.

கொல்லை கற்றுத் தந்த அடுத்த பாடம் முளை. கூடாரத்தோடு வந்தவை 18 சென்டிமீட்டர் நீள மெல்லிய கம்பிகள். ஜனவரியின் காய்ந்த செம்மண்ணில் பாதி இறங்குமுன் வளைந்தன. ஈரமாக்கி இறக்கியவை இழுத்தவுடன் பிடுங்கிக்கொண்டு வந்தன. வெல்டிங் பட்டறையில் 8 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியின் வெட்டுத் துண்டுகளை வாங்கி, 40 சென்டிமீட்டராக 12 துண்டுகள் நறுக்கி, ஒரு முனையைக் கிரைண்டரில் கூராக்கி, மறுமுனையில் 8 சென்டிமீட்டரைக் கொக்கியாக வளைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர், “ஆட்டுக்குட்டி கட்டவாக்கா?” என்று கேட்டுக்கொண்டே, கொக்கியை முழுவதுமாக மூடாமல் கயிறு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தந்தது அவருடைய அனுபவம். இக்கம்பி மீட்டருக்குச் சுமார் 395 கிராம். 12 முளைகளும் சேர்ந்து 1.9 கிலோ. கம்பிக்கும் கூலிக்கும் சேர்த்து 260 ரூபாய். மண்ணில் இவை 30 சென்டிமீட்டர் வரை இறங்கின. அவற்றின் முறுக்கு வரிகள் மண்ணைப் பிடித்துக்கொண்டன. பிடுங்கும்போது நேராக இழுத்தால் வராது. கொக்கியில் இன்னொரு முளையை நுழைத்துத் திருகியபடி தூக்க வேண்டும்.

ஆனால் ஓடியாடும் குழந்தைகளுக்கு இரும்பு முளை ஆபத்து. கயிற்றில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தோம். கயிறு தெரிந்ததே தவிர, முளையின் தலை தெரியவில்லை. அம்மா வீட்டில் காய்ந்து கிடந்த கொட்டாங்குச்சிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து ஒவ்வொரு முளையின் மேலும் கவிழ்த்தோம். இருட்டிலும் பளிச்சென்று தெரிகின்றன, கால் இடித்தாலும் வெட்டுக்காயம் இல்லை. இந்த முழு ஆயத்தத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான்.

கொல்லையில் நாங்கள் எதிர்பாராத மூன்றாவது சங்கதி ஈரம். மழைத்துளி விழாத இரவில், விடிகாலையில் கூடாரத்தின் உட்சுவரைத் தொட்டால் கை நனைந்தது. குழந்தைகளுக்குக் குளிரும் என்று மேல் காற்றுத் துளைகளை மூடி வைத்திருந்தோம். நான்கு பேரின் மூச்சுக்காற்று உள்ளேயே படிந்து சொட்டியது. சுவரை ஒட்டிப் படுத்திருந்த மகனின் போர்வை ஓரம் நனைந்திருந்தது. அடுத்த இரவு இரண்டு மேல்துளைகளையும் திறந்து, மேலுறையின் இழுகயிறுகளை இறுக்கி, உட்சுவருக்கும் மேலுறைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வரச் செய்தோம். ஈரம் பெருமளவு குறைந்தது. உள்வெப்பம் ஒரு டிகிரிதான் இறங்கியது என்பதை 350 ரூபாய் டிஜிட்டல் வெப்பமானி காட்டியது. கீழே ஃபோம் இருக்கும்போது மேலே துளைகள் திறந்திருப்பதால் குழந்தைகள் நடுங்குவதில்லை. கூடாரத்துக்குள் கணப்பு, கரி, கொசுவர்த்தி எதையும் எந்த நிலையிலும் வைக்கக் கூடாது; மூடிய சிறு இடத்தில் கரியிலிருந்து வரும் நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாமலே உயிரை எடுத்துவிடும்.

சமையலுக்கு 220 கிராம் எரிவாயு உருளையைப் பக்கவாட்டில் பொருத்தும் ஒற்றை அடுப்பு, 1,900 ரூபாய். எத்தனை உருளைகள் தேவை என்பதை ஊகிக்காமல், சமையலறைத் தராசில் உருளையை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தோம். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 14 கிராம் செலவானது. மாடிக் காற்றில் அதுவே 22 கிராம். எண்ணெய் டின்னின் தகரத்தை வெட்டி, ஓரங்களை மடித்து, மூன்று பக்கத் தடுப்பு ஒன்று செய்தோம். உருளை இருக்கும் பக்கத்தை அது மறைக்கக் கூடாது. உருளை சூடேறினால் ஆபத்து. தடுப்போடு செலவு 16 கிராமுக்கு இறங்கியது. பால், கஞ்சி, ஒரு வேளைச் சாதம், தேநீர் என்று கூட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம். கூடுதலையும் சேர்த்து மூன்று உருளைகள் எடுத்துக்கொண்டோம், ஒன்று முழுதாகத் திரும்பி வந்தது. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதால் 3 லிட்டர் குக்கரைக் கொண்டுபோனோம்.

உணவில் புதுமை எதுவும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தோம். முதல் இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துக்கொண்டோம். போய்ச் சேர்ந்த களைப்பில் இருட்டில் அடுப்பு மூட்டுவதைத் தவிர்க்க அதைவிட எளிய வழியில்லை. தாளித்து வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், சத்துமாவு ஆகியவற்றைத் தனித்தனி டப்பாக்களில் ஒரு வேளைக்கான அளவில் பிரித்து வைத்தோம். குடிக்கவும் சமைக்கவும் நால்வருக்கும் நாளுக்கு 12 லிட்டர் என்று கணக்கிட்டு இரண்டு கேன்கள்; கழுவவும் குளிக்கவும் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு.

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய பலகைகள் வளைவுகளில் உள்ளன; மகளுக்கு அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆசை இருந்தாலும், வாந்தி வராமல் இருக்கத் தொலைவில் பார்க்கச் சொல்லிவிட்டு, பலகைகளை என் கணவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பால் கொடுக்காமல், காய்ந்த ரொட்டியும் சிறிது தண்ணீரும் கொடுத்தது உதவியது.

தோட்டத்தில் இடம் பார்ப்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டோம். பலாமரத்தடி நிழல் அழகாக இருந்தது. காயோ காய்ந்த கிளையோ விழக்கூடும் என்று அதை ஒதுக்கினோம். புற்றும் கற்குவியலும் இல்லாத, புல் வெட்டிய வெளியைத் தேர்ந்து, கையால் தடவி ஒவ்வொரு கல்லையும் பொறுக்கினோம். பாதி நீர் நிரப்பிய புட்டியைக் கிடையாக வைத்து, குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சரிவை அறிந்து, தலைமாடு மேட்டுப் பக்கம் வரும்படி வைத்தோம். கட்டுவிரியன் இரவில் ஊர்வது, தரையில் படுத்திருப்போரைக் கடிப்பது. அதன் கடி சில நேரம் வலியே தெரியாது. ஆகவே தைக்கப்பட்ட தரையும் மூடிய ஜிப்பும் உள்ள கூடாரம் நமக்கு முதற்காவல். கடித்துவிட்டால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

குரங்குகள் பகலிலேயே வந்தன. உணவு முழுவதும் காரின் பின்பெட்டியில் இருந்ததால் கூடாரத்தை அவை தொடவில்லை. குழந்தையின் கையிலிருந்த வாழைப்பழம் மட்டும் போயிற்று.

முதல் இரவில் சரியாக அமையாதது சிறுநீர் ஏற்பாடு. கழிப்பறை 60 மீட்டர் தொலைவில் இருந்ததால், 300 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் இருக்கை வாங்கிக் கூடார வாசலுக்கு வெளியே வைத்திருந்தோம். மாடியிலும் கொல்லையிலும் தெருவிளக்கின் ஒளி இருந்தது, இங்கே கும்மிருட்டு. மகன் வெளியே வர மறுத்து அழுதான், நனைத்தும்விட்டான். அடுத்த நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே அந்த இருக்கையை மேலுறைக்கும் உட்கதவுக்கும் இடையிலுள்ள சிறு முன்னறைக்குள் வைத்து, அதன் அருகிலேயே இரு விளக்குகளில் ஒன்றை விடியும்வரை எரியவிட்டோம். விளக்கின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றியதால் பூச்சிகள் குறைவாகவே வந்தன. அவனே எழுந்து பார்த்து, விளக்கு இருக்கிறதென்று மீண்டும் படுத்துக்கொள்ளும் அளவுக்கு அது போதுமானதாயிற்று. இரட்டை உடை, உல்லன் குல்லாய், காலுறை மூன்றும் குழந்தைகளுக்கு இரவு முழுவதும் இருந்தன. அதிகாலை ஐந்து மணிக்கு வெளியே 14 டிகிரி, உள்ளே 16.

கூடாரம், விளக்குகள், அடுப்பு எல்லாம் சேர்த்துச் செலவு 11,500 ரூபாய்க்குள் அடங்கியது. அடுத்த முறை இரண்டு மாற்றங்கள் செய்வோம். ஃபோம் பட்டையை இரு பக்கச் சுவர்களிலும் ஒரு சாண் உயரம் மடித்து ஏற்றினால், உருண்டுபோகும் குழந்தையின் போர்வை ஈரச் சுவரைத் தொடாது. கிளம்பும் நாளில் காலை பத்து மணிக்கு முன் எந்தப் பயணத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பனியில் ஊறிய மேலுறை காய அதுவரை வெயில் தேவைப்படும்.

இம்முறை காய்வதற்குள் அவசரப்பட்டுக் கழற்றியதில், ஒரு கழியைத் துணி உறையிலிருந்து இழுத்தபோது அதன் இணைப்பு உள்ளேயே விட்டுப்போய், முனை பிளந்துவிட்டது. கழியை எப்போதும் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். பிளவின் சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி எம்-சீல் பூசி, 10 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய்த் துண்டை அதன் மேல் செருகி ஒரு நாள் இறுக விட்டோம். ஃபைபர் சிம்பு விரலில் ஏறினால் எளிதில் வராது என்பதால் கையுறை அவசியம். இப்போது கூடாரத்தை மாடியில் மீண்டும் நிறுத்தி, அந்தக் கழி வளைவைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தரைத்துணியின் அடிப்பக்கம் முற்றிலும் உலர்ந்த பிறகே மடித்து வைக்க வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து உட்பூச்சு உரிந்துவிடும்.